கிளிப்பச்சைக் கோட்டின் முதுகில் ஓர் ஓட்டை

1

இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் ஊர் மியூசியத்திலிருந்து ஹெலன் என்ற அம்மாள் என்னைத் தேடி வந்தார். எங்கள் ஊர் என்றதும் ஆம்பூர் என்று நினைத்துவிடாதீர்கள். இத்தனை வருடம் குடியிருந்த பிறகும் இப்படி எழுதும்போது கை ஒரு நொடி நின்றுதான் நகர்கிறது. இது வால்சால். பர்மிங்காமுக்குப் பக்கத்தில், குதிரைச் சேணம் தைப்பதற்குப் பேர்போன சின்ன ஊர். இங்கே மழை பெய்யாத நாட்களில் மழை வரும்போல இருக்கும்.

ஹெலன் அம்மாளுக்கு வேண்டியது உள்ளங்கை அளவு தோல். ஆட்டுத்தோல், கிளிப்பச்சை நிறம். இந்த வட்டாரத்துப் பாட்டுக்காரர்களைப் பற்றி மியூசியத்தில் ஒரு கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். அதில் என் நண்பன் கிளைவின் தோல் கோட்டு கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் என்றார். கோட்டின் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை. அதை ஒட்டுப்போட்டு மூடிவிட்டால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. தோல் கிடங்கில் வேலை செய்கிறவன் நான்தானே, அதே நிறத்தில் ஒரு துண்டு தேடித் தர முடியுமா என்று கேட்டார்.

பெட்டியில் ஒட்டப்போகும் விளக்க அட்டையையும் காட்டினார். இரண்டே வாக்கியம். 'இந்த உடை ஒன்றே ஒன்றுதான் தயாரிக்கப்பட்டது. முதுகிலுள்ள துளை நடன அரங்கு ஒன்றில் நடந்த கைகலப்பில் ஏற்பட்டதாகக் கருதப்படுகிறது.'

இரண்டு வாக்கியத்தில் இரண்டு பொய் இருந்தன. ஹெலன் அம்மாளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'ஒன்றே ஒன்று' என்பதைப் படித்ததும் எனக்கு என் தங்கை எஸ்தரின் முகம்தான் ஞாபகம் வந்தது. அந்த ஒன்றே ஒன்று அவள் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தப் பார்த்தது. அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2

என் மனைவி லில்லி வேலூரில் படித்த நர்ஸ். வேலை அவளுக்குக் கிடைத்தது, விசா அவளுக்குக் கிடைத்தது. என் பாஸ்போர்ட்டில் அவளைச் சார்ந்திருப்பவன் என்று முத்திரை குத்தினார்கள். இங்கிலாந்து அரசாங்கம் என்னைப் பற்றிச் சொன்னதிலேயே சுத்தமான உண்மை அதுதான்.

ஆம்பூரில் தோல் ஷாப்பில் தரம் பிரித்துக்கொண்டிருந்தவன் நான். வெளியூர்க்காரர்கள் தோல் பதனிடும் தொழிற்சாலை என்பதை நாங்கள் ஷாப்பு என்போம். வால்சாலில் எனக்குக் கிடைத்தது தோல் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலை. முதல் நாள் நான் உடைத்த கட்டின் மேல் ஆம்பூர் என்று எழுதியிருந்தது. ஏழு கடல் தாண்டி வந்து, அடுத்த தெருவில் பதனிட்ட தோலை மறுபடியும் முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்தேன். கட்டைப் பிரித்ததும் எங்கள் தெரு வாசனை அப்படியே வந்தது. கண் கலங்கியது என்று எழுதினால் நம்புவீர்கள். எனக்கு வந்தது தும்மல்.

கிடங்கில் வேன் ஓட்டியவன்தான் கிளைவ். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் சரித்திரம் படித்தவர்களுக்கு ஆற்காட்டுக் கோட்டையோடு சேர்த்து அந்தப் பெயர் தெரிந்திருக்கும். இவன் அந்த வகையறா இல்லை. ஜமைக்கா தீவிலிருந்து வந்தவர்களின் மகன், பர்மிங்காமில் பிறந்தவன். அப்பா இரும்பு வார்ப்பாலையில், அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில். நான் கடிதத்தில் எழுதுகிற மாதிரியே பேசுகிற இங்கிலீஷோடு போயிருந்தேன். "தயைகூர்ந்து ஆவன செய்யவும்" என்று நான் சொன்னதும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, யாருக்குத் தந்தி அடிக்கிறாய் என்று கேட்டான். அவன் பேசியது எனக்கு ஒரு மாதம் புரியவில்லை. புத்தக இங்கிலீஷிலிருந்து அவன் இங்கிலீஷ் எவ்வளவு தூரமோ, பாடப்புத்தகத் தமிழிலிருந்து நம்முடைய 'இன்னா' அவ்வளவு தூரம். ஆகவே அவன் பேச்சை நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். அதில்தான் அவன் குரல் எனக்குக் கேட்கிறது.

பகலில் வேன், சனிக்கிழமை இரவுகளில் மைக். டான்ஸ்ஹால் என்று அவர்கள் சொல்லும் அந்த இசையில் ஒரு இசைத்தட்டு தாளத்தை மட்டும் போட்டுக்கொண்டே இருக்கும். அதன் மேல் ஒருவன் மூச்சுவிடாமல் பேசுவான். பாட்டு என்றால் பாட்டு இல்லை, பேச்சு என்றால் பேச்சு இல்லை. 'வாணியம்பாடி, திருப்பத்தூர், வாணியம்பாடி' என்று பஸ் ஸ்டாண்டில் கூவுகிற கண்டக்டருக்குப் பக்கத்தில் ஒரு டிரம் அடித்தால் கிட்டத்தட்ட அது வந்துவிடும். கிளைவ் பள்ளிக்கூட நாளில் ஸ்பீக்கர் பெட்டி தூக்கப் போனவன். ஒருநாள் மைக் பிடிக்க வேண்டியவன் வராததால் மைக் இவன் கைக்கு வந்தது. அம்மா எல்லாப் பலகாரத்திலும் ஜாதிக்காய் போடுவாள் என்பதால் மேஜர் நட்மெக் என்று பெயர் வைத்துக்கொண்டான். மேஜர், கேப்டன், ஜெனரல் எல்லாம் அங்கே தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் பதவிகள். அந்தப் பட்டாளத்தில் சிப்பாய் என்று ஒருவனைக்கூட நான் பார்த்ததில்லை.

ஒருமுறை என்னையும் அழைத்துப்போனான். பர்மிங்காமில் ஒரு பழைய சர்ச்சு ஹால். கூட்டத்துக்கு ஒரு வரி பிடித்துவிட்டால் கைதட்ட மாட்டார்களாம், கையோடு கொண்டுவந்த ஹாரனை அடிப்பார்களாம். ஹாரன் சத்தம் ஜாஸ்தியானால் இசைத்தட்டை நிறுத்திவிட்டுப் பாட்டை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பாடுகிறவனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. நம் ஊர் மேடையில் பொன்னாடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கிளைவுக்கு இரண்டு ஹாரன் கிடைத்தது. அந்த இரண்டைப் பற்றி அடுத்த வாரம் முழுக்க வேனில் பேசிக்கொண்டே வந்தான்.

3

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் அவன் ஒரு ரெக்கார்டு போட்டான். அதைக் கொஞ்சம் பேர் கேட்டார்கள். ஒரு டிவி நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார்கள். "ராஜ், தோல்ல ஒரு சூட்டு போட்டுகினு போகணும். நீ பிரிச்சிகினு இருந்தியே, ஒரு பச்சை, அந்தக் கலர்ல" என்றான்.

எஸ்தரின் கணவர் சாலமோன் ஆம்பூரில் தோல் கோட்டு தைக்கும் யூனிட் வைத்திருந்தார். நாற்பது பெண்கள் மெஷினில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். அவருக்குப் போன் போட்டேன்.

"மாப்பிள்ளை, ஒரு சூட்டு வேணும். கிளிப்பச்சையில. அளவு எழுதி அனுப்பறேன்."

"எத்தினி பீஸு மச்சான்?"

"ஒண்ணு."

"அது சாம்பிளு. ஆர்டர் எத்தினி பீஸு?"

"ஒண்ணேதான் மாப்பிள்ளை. ஒரு ஆளுக்கு. பாட்டுப் பாடறவன்."

"புரிஞ்சிடுச்சி மச்சான்" என்றார். அவருக்கு என்ன புரிந்தது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

தோல் தொழிலில் ஒன்று என்று எதையும் செய்ய மாட்டார்கள். சாயம் ஏற்றுகிற டிரம் ஒருமுறை சுற்றினால் நூற்றுக்கணக்கில் தோல் வெளியே வரும். ஒரு ஆளுக்காக எவனும் டிரம்மைச் சுற்ற மாட்டான். ஒரு கோட்டு கேட்கிறார்கள் என்றால் அது சாம்பிள், அதற்குப் பின்னால் மொத்தமாக வாங்கும் வெளிநாட்டு பையர் நிற்கிறார், சாம்பிள் பிடித்துப்போனால் ஆர்டர் வரும். தொழிலுக்கு வந்த நாள் முதல் சாலமோனுக்கு உலகம் இப்படித்தான் சுற்றியது. மச்சான் பெரிய பையரைப் பிடித்திருக்கிறார், போட்டிக்குப் பயந்து பெயரை மறைக்கிறார் என்று முடிவு கட்டினார். பாட்டுப் பாடறவன் என்று நான் சொன்னதைத் தொழில் ரகசியமாக எடுத்துக்கொண்டார்.

சூட்டு வந்தது. தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. முதுகில் மட்டும் ஓட்டை. விற்பனைக்கு இல்லாத சாம்பிள் என்று கஸ்டம்ஸ் நம்ப வேண்டுமானால் அதை விற்க முடியாதபடி பாழாக்கி அனுப்ப வேண்டும். அதுதான் வழக்கம். செருப்பு என்றால் அடியில் துளை, கோட்டு என்றால் முதுகில். மெட்ராஸில் கஸ்டம்ஸ் ஏஜெண்டு சம்பிரதாயம் தவறாமல் ஓர் ஓட்டை போட்டு வரியில்லாமல் அனுப்பிவிட்டார்.

டிவி நிகழ்ச்சிக்கு நேரம் கம்மியாக இருந்தது. ஒட்டுப்போட்டுத் தருகிறேன் என்றேன். கிளைவ் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பித் திரும்பிப் பார்த்தான். "வேணாம் ராஜ். உள்ள சேப்பு பனியன் போட்டுக்கறேன்" என்றான்.

4

நிகழ்ச்சியில் அவன் பாதிப் பாட்டில் முதுகைக் காட்டித் திரும்பினான். பச்சைக்கு நடுவில் சிவப்பாக ஒரு வட்டம். கேமராக்காரன் அதை விட்டு நகரவில்லை. அடுத்த வாரம் ரெக்கார்டு கம்பெனி அடித்த போஸ்டரில் அவன் முகமே இல்லை, முதுகுதான் இருந்தது. பர்மிங்காம் பையன்கள் நல்ல கோட்டை எடுத்து முதுகில் வெட்டிக்கொண்டார்கள். பத்திரிகைக்காரன் ஒருவன் ஓட்டைக்கு அர்த்தம் கேட்டான். கஸ்டம்ஸ் என்று சொல்ல வாய் வராமல், அது என் மூன்றாவது கண் என்று கிளைவ் சொல்லிவைத்தான். எங்கள் கிடங்கில் ஒரு வாரம் அவனை யாரும் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை, மூன்று கண்ணா என்றுதான் கூப்பிட்டார்கள்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆம்பூரில் தைத்த கோட்டை இங்கிலாந்து முழுக்கப் பார்க்கிறதே! முதுகுப் போட்டோ ஒன்றைச் சாலமோனுக்கு அனுப்பினேன். கூடவே நாலு வரி எழுதினேன். 'மாப்பிள்ளை, ரொம்பப் பிடித்துவிட்டது. டிவியில் எல்லாம் வந்துவிட்டது. இங்கே பையன்கள் எல்லாரும் இதே மாதிரி வேண்டும் என்று அலைகிறார்கள்.'

ஆர்டர் என்ற சொல்லை நான் எழுதவே இல்லை. குடும்பத்தில் இந்த விஷயம் எப்போது எழுந்தாலும் இதைத்தான் சொல்கிறேன், ஒருவரும் காது கொடுப்பதில்லை.

அதன் பிறகு கிளைவின் காலம் மளமளவென்று இறங்கியது. அடுத்த ரெக்கார்டு போகவில்லை. தாளத்தின் வேகம் மாறிவிட்டது, அவனைவிடச் சின்னப் பையன்கள் அவனைவிட வேகமாகப் பேசினார்கள். கம்பெனி மரியாதையாக ஒரு கடிதம் போட்டு விடைகொடுத்தது. வேன் சாவி கிடங்கில் அதே ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை வந்து அதை எடுத்துக்கொண்டு போனான்.

5

எஸ்தர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போன் போடுவாள். ஒரு ஞாயிறு அவள் சுகம் விசாரிக்கவில்லை.

"அண்ணா, உன் பச்சைக் கோட்டுங்கள எப்போ எடுத்துகினு போவே?"

"எந்தக் கோட்டும்மா?"

"நானூறு கோட்டு. கூட நானூறு பேண்ட்டு. யூனிட்ல இடமில்லன்னு எல்லாத்தையும் ஊட்ல கொண்ணாந்து அடுக்கிட்டாரு. பீரோவைத் தொறக்கணும்னா நாலு பொட்டிய நவுத்த வேண்டியதா இருக்குது."

சாலமோன் போனை வாங்கினார். "மச்சான், பையர் எப்போ இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றாரு?"

அந்த சமயம் பாலாற்றுக் கழிவுநீர் வழக்கில் தோல் ஷாப்புகள் ஒவ்வொன்றாக மூடிக்கிடந்தன. வேறு வேலை இல்லை. மெஷின் சும்மா நின்றால் பெண்கள் ஷூ கம்பெனிக்குப் போய்விடுவார்கள். சாலமோன் கையில் இருந்ததையெல்லாம் போட்டு, மீதி இருந்த பச்சைத் தோல் போதாமல் இன்னொரு டிரம்மும் சுற்றி, நானூறும் தைத்துவிட்டார்.

"போட்டோல எப்படியோ அப்படியே மச்சான். ஓட்டைகூட ஸ்கேல் வச்சி அளந்து போட்டிருக்கோம். ஓட்டை ஒரு நூல் தள்ளிப்போன பீஸை எல்லாம் செக்கிங்ல நானே ரிஜெக்ட் பண்ணிட்டேன்."

"மாப்பிள்ளை, அது கஸ்டம்ஸ் ஓட்டை!"

"கஸ்டம்ஸ் ஓட்டைன்னு எனக்குத் தெரியாதா மச்சான்? ஆனா பையரு அதை அடைக்கல. உள்ள சேப்பா ஒண்ணு போட்டு, நல்லா தெரியற மாதிரி நின்னு போட்டோ புடிச்சி அனுப்பறாரு. அப்போ அதை அப்ரூவ் பண்ணிட்டாருன்னுதானே அர்த்தம்?"

நானும் தோல்காரன்தான். அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

யூனிட் இருந்த கட்டடமும் அவர்கள் குடியிருந்த வீடும் ஒரே பத்திரத்தில் பேங்கில் இருந்தன. கோட்டு போகாவிட்டால் யூனிட்டை மூட வேண்டும், யூனிட் மூடினால் வீடு போகும். எஸ்தர் இதை அழாமல், குரலை உயர்த்தாமல் சொன்னாள். அவள் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் வேனில் கிளைவிடம் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். வேனை ஓரமாக நிறுத்திவிட்டான்.

"நானூறா? என் ரெண்டாவது ரெக்கார்டே அத்தினி போகல ராஜ்." பிறகு வேனை மறுபடி கிளப்பினான். "நான் வர்றேன். என் கோட்டை நான்தானே விக்கணும்."

6

இந்திய விசா கவுண்டரில் கிளைவிடம் தொழில் என்ன என்று கேட்டார்கள். டான்ஸ்ஹால் பாட்டுக்காரன் என்றான். என்ன வாத்தியம் என்றார் ஆபீசர். வாய் என்றான். மதப் பாட்டா, சினிமாப் பாட்டா என்றார். இரண்டும் இல்லை என்றதும் பேனாவை மூடிவைத்து, மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார். மூன்று வாரம் கழித்துத் தொழில் வேன் டிரைவர் என்றான். உடனே கிடைத்துவிட்டது.

கிறிஸ்துமஸ் லீவில் போனோம். கோட்டு போட்ட இங்கிலீஷ்காரரைக் கூட்டிவருகிறேன் என்று மட்டும் சாலமோனிடம் சொல்லியிருந்தேன். ஆம்பூர் ஸ்டேஷனுக்குச் சாலமோன் மாலையோடு வந்திருந்தார். கிளைவின் தோளுக்கு மேல் எட்டி, எட்டி, ரயில் கிளம்பும்வரை பெட்டிக்குள் பார்த்தார்.

"பையர் அடுத்த வண்டியில வர்றாரா மச்சான்?"

"இவருதான் மாப்பிள்ளை."

"இங்கிலீஷ்காரருன்னு சொன்னீங்களே. நம்மாளு மாதிரி கீறாரு."

ஆனாலும் மனிதர் சமாளித்தார். மாலையைப் போட்டு, பயணம் எப்படி இருந்தது என்று பையருக்குச் சொல்லும் இங்கிலீஷில் கேட்டு, பெட்டியையும் வாங்கிக்கொண்டார். வீட்டில் கிளைவ் ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்தான். மேலே இருந்த கோட்டைத் திருப்பினான். ஓட்டை. அடுத்ததைத் திருப்பினான். ஓட்டை. அங்கேயே பெட்டியின் மேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அப்போது எஸ்தர் காபியோடு வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றுபோனது. எழுந்து நின்று இரண்டு கையாலும் காபியை வாங்கிக்கொண்டான். என்னிடம் அவள் மூன்று நாள் பேசவில்லை. பிரியாணியில் எனக்கு மட்டும் எலும்பாகவே விழுந்தது.

முதலில் வேலூர் லாங் பஜாரில் ஒரு தள்ளுவண்டி பிடித்தோம். வாடகை மைக் செட்டு, தாளத்துக்கு ஒரு டேப் ரெக்கார்டர். கிளைவ் முழுச் சூட்டும் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தான். வழியில் பஸ் போர்டில் படித்த ஊர்ப்பேர்களை எல்லாம் உள்ளே போட்டுக்கொண்டான். வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு என்று அவன் வாயில் அடுக்கியபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. கூட்டம் தெருவை அடைத்தது. டூ வீலர்கள் நகர முடியவில்லை, போலீஸ்காரர் வந்து அவரும் நின்று கேட்டார். கைதட்டல் ஜாஸ்தி, வியாபாரம் கம்மி. சாயந்திரம்வரை மூன்று கோட்டு போயிருந்தது. மார்கழி என்று பேர்தான், வேலூர் மதியத்துக்கு அதெல்லாம் தெரியாது. கிளைவ் சூட்டுக்குள் வெந்து, தலை சுற்றி வண்டிச் சக்கரத்தோடு சாய்ந்துவிட்டான்.

எஸ்தர்தான் மோர் வாங்கிவந்து கொடுத்தாள். எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாலமோனிடம் சொன்னாள்.

"இந்த வெயில்ல எவன் தோலு கோட்டு போடுவான்? குளுர்ற ஊருக்குப் போறவன்கிட்ட இல்ல விக்கணும். பெங்களூருக்கு லாரி ஓட்டறவன் காலையில பள்ளிகொண்டாவுல டீ குடிக்க நிக்கறான். அங்க போலாம்."

மறுநாள் விடிந்ததும் பள்ளிகொண்டாவில், ஹைவே ஓரத்து டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினோம். பனி இறங்கியிருந்தது. லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. சாலமோன் அவசரத்தில் வண்டியைப் பாதி ரோட்டில் விட்டுவிட்டார். கிளைவ் மைக்கைப் பிடித்து நாலு வரி பேசியிருப்பான். பின்னால் வந்த லாரிக்காரன், வண்டியை எடு என்று ஏர் ஹாரனை அழுத்தினான். அவனுக்குப் பின்னால் இருந்தவனும் அழுத்தினான். அப்புறம் கண்ணுக்கெட்டிய தூரம்வரை எல்லா லாரியும்.

கிளைவ் பேச்சை நிறுத்தினான். அவன் முகம் மாறியது. ஒரு கையை உயர்த்திக்கொண்டு அப்படியே நின்றான். பிறகு சாலமோன் பக்கம் திரும்பி, டேப்பை ரிவைண்ட் பண்ணச் சொல்லிக் கத்தினான். பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தான்.

அவர்கள் வழி கேட்கிறார்கள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். எஸ்தர் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்த மூன்று நாளில் அவள் என்னோடு பேசியது அதுதான். சாலமோனும் நானும் வண்டியைச் சத்தமில்லாமல் ஓரத்துக்குத் தள்ளினோம். மேலே நின்று கிளைவ் பாடிக்கொண்டே இருந்தான். அப்படி ஒரு பாட்டை அவன் டிவியில்கூடப் பாடவில்லை.

டிரைவர்கள் இறங்கி வந்தார்கள். கைலியும் பனியனுமாக, தோளில் துண்டு போர்த்திக்கொண்டு. கரீம் பாய் என்ற வயதான டிரைவர் ஒரு கோட்டை எடுத்துப் போட்டுப்பார்த்தார். பிறகு கழற்றித் திருப்பினார்.

"இன்னாப்பா, முதுகுல ஓட்டை கீது?"

சாலமோன் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் சொன்னார். "சீட்ல சாஞ்சா முதுகு வேர்க்குது இல்ல பாய், காத்து போறதுக்கு உட்டுகிறாங்க."

"எல்லாத்துலயும் கீதா?"

"எல்லாத்துலயும் பாய்" என்றார் சாலமோன், சட்டென்று நிமிர்ந்து. "அளந்து போட்டது. ஓட்டை இல்லாத பீஸு எங்கயாவது பாத்தீங்கன்னா, அது டூப்ளிகேட்."

கரீம் பாய் கிளைவை முதுகைக் காட்டச் சொன்னார். அவன் காட்டினான். அவன் ஓட்டையையும் தன் ஓட்டையையும் விரலால் அளந்து பார்த்துத் திருப்தியானார். கோட்டு வாங்கியவர்கள் கிளம்பும்போது ஒவ்வொருவரும் கிளைவுக்காக ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு ஹாரனுக்கும் அவன் பாட்டை மறுபடி ஆரம்பித்தான். சாலமோன் ரிவைண்ட் பண்ணிப் பண்ணி டேப் அறுந்தது.

நாங்கள் திரும்பிவந்த பிறகு எஸ்தர் தினமும் காலையில் அங்கே போய் நின்றாள். தை பிறப்பதற்குள் கோட்டு எல்லாம் போய்விட்டது. கைலிக்காரர்களுக்குப் பேண்ட்டு தேவைப்படவில்லை. அவற்றை வெட்டி ஸ்கூட்டர் சீட் கவரும் கையுறையும் தைத்து விற்றாள். யூனிட்டும் தப்பியது, வீடும் தப்பியது. அன்று முதல் ஆர்டர் போனை அவள்தான் எடுக்கிறாள். எத்தனை பீஸ் என்று எழுத்தில் வராமல் ஒரு ஊசிகூட நகராது. அடுத்தடுத்த லீவுகளில் போகும்போது ஹைவேயில் லாரி கடந்தால், டிரைவர் சீட்டில் வெளிறிப்போன பச்சை தெரிகிறதா என்று பார்ப்பேன். சில வருடம் தெரிந்தது.

7

கண்காட்சி திறப்புக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். என் மகள் ஷீபாவும் வந்தாள். யூனிவர்சிட்டியில் படிக்கிறாள். அவளுக்குத் தமிழில் 'சாப்ட்டியா', 'போதும்' இரண்டும் தெரியும். கிளைவின் பாட்டு முழுக்கத் தெரியும். அந்த ஓட்டையைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறாளாம். புலம்பெயர்ந்தவன் முதுகில் சுமக்கும் ஆறாத காயத்தின் குறியீடு என்று நிறுவியிருக்கிறாளாம். நல்ல மார்க். கஸ்டம்ஸ் ஏஜெண்டைப் பற்றி நான் சொல்ல ஆரம்பித்தேன். "டாட், அது இப்போ முக்கியமில்ல" என்றாள்.

கிளைவ் இப்போதும் வேன்தான். வாரக்கடைசியில் சமுதாயக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மைக் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறான். அன்றைக்கு டை கட்டி வந்திருந்தான். ஹெலன் அம்மாள் எல்லோருக்கும் முன்னால் அவனிடம் கேட்டார், வாழ்க்கையில் நீங்கள் பாடியதிலேயே பெரிய மேடை எது?

"பள்ளிகொண்டா" என்றான்.

லண்டனில் ஏதோ கிளப் என்று நினைத்திருப்பார்கள். ஹெலன் அம்மாள் குறித்துக்கொண்டு, எத்தனை இருக்கை என்று கேட்டார். "இருக்கை தெரியல. ஆனா இங்கிலாந்துல எவனுக்கும் அத்தினி ஹாரன் கெடச்சதில்ல" என்றான்.

திறப்பு முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது என் தோளில் கை போட்டுக்கொண்டான். "ராஜ், அவங்க வழி உடச் சொல்லித்தான் ஹாரன் அடிச்சாங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சா மொதல்லருந்து பாடின?"

"அடிச்சாங்க இல்ல?" என்றான்.

இந்த நாட்டில் எனக்கு ஒரே ஒரு தோஸ்துதான் கிடைத்தான், அது போதும் என்று அப்போது தோன்றியது.

ஹெலன் அம்மாள் கேட்ட தோல் என்னிடம் இருக்கிறது. முதல் டிரம்மிலிருந்து சாலமோன் அனுப்பிய துண்டு, என் அலமாரி டிராயரில், நிறம்கூட மங்காமல். அந்த நிறம் இப்போது எங்குமே கிடைப்பதில்லை, ஒட்டுப்போட வழியே இல்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். விளக்க அட்டையில் 'ஒன்றே ஒன்று' என்பதையாவது எடுத்துவிடுங்கள் என்றேன். அப்படியானால் எத்தனை செய்தார்கள் என்றார். நானூற்று ஒன்று என்றேன். நல்ல நகைச்சுவை என்று சிரித்துவிட்டுப் போனார். அட்டை அப்படியேதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆம்பூருக்குப் போன் போட்டேன். சாலமோன் எடுத்தார். கோட்டை மியூசியத்தில் எடுத்துக்கொண்டார்கள், கண்ணாடிப் பெட்டியில் விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன்.

"மச்சான், ஓட்டை தெரியுதா?"

"தெரியுது மாப்பிள்ளை."

"நடு முதுகுலயா?"

"நடு முதுகுல."

"அப்போ ஒரிஜினல்தான்" என்றார். குரலில் அவ்வளவு நிறைவு. பிறகு, "அப்போ அவங்களுக்குப் புடிச்சிடுச்சி..." என்று மெதுவாக இழுத்தார்.

பின்னாலிருந்து எஸ்தரின் குரல் கேட்டது. "எத்தினி பீஸுன்னு மட்டும் கேட்டுடாதீங்க."

"இல்ல, இல்ல, கேக்கல" என்றார் சாலமோன்.